பித்தளைப் பேனா எழுதிய லக்னப் பத்திரிகை

சிலர் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டு வாங்குவார்கள். நான் வாங்கிவிட்டுத் தேர்ந்தெடுப்பேன். செருப்பு வாங்கி வீட்டுக்கு வந்த பிறகுதான், கடையில் விட்டுவிட்டு வந்த இன்னொரு ஜோடி என் காலுக்கு எவ்வளவு பொருத்தம் என்பது எனக்குப் புரியும். ஓட்டலில் பூரி சொல்லிவிட்டு, பக்கத்து மேசைப் பொங்கலைப் பார்த்துக்கொண்டே பூரியைத் தின்று முடிப்பேன். இந்த வியாதியை வைத்துக்கொண்டு கல்யாணம் எப்படிச் செய்துகொண்டாய் என்று கேட்பவர்கள் உண்டு. கல்யாணத்தில் எனக்குக் குழப்பமே இல்லை. பவானியைப் பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் முடிவு செய்துவிட்டேன். குழப்பம் முழுவதும் பேனாவில்தான். அந்தப் பேனாவால் பவானி எனக்கு இல்லாமல் போகப் பார்த்தாள்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம். அப்பா நெல்லும் மல்லாட்டையும் (வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) பயிர் செய்கிறவர். நான் திருவண்ணாமலையில் செங்கம் சாலையில் ஒரு தங்கும் விடுதியின் மேனேஜர். மேனேஜர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சாவி கொடுப்பது, வெந்நீர் வராவிட்டால் வருத்தம் தெரிவிப்பது, குரங்கு தூக்கிப்போன மூக்குக்கண்ணாடிக்குப் பதில் சொல்வது, இவ்வளவுதான் வேலை.

பெண் பார்க்க அடி அண்ணாமலைக்குப் போனோம். பவானி டவுனில் ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். அப்பா இல்லாத பெண். சின்ன வயதிலிருந்து வளர்த்தது அவளுடைய பெரியப்பா கன்னியப்பன். அவர் பத்திர எழுத்தர். ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் மேசை போட்டு முப்பது வருஷமாக ஊரார் நிலத்தையும் வீட்டையும் எழுத்தில் ஏற்றிக்கொண்டிருந்தவர். எதிரில் இருப்பவரைப் பார்க்கும்போதே நான்கெல்லை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது போலிருக்கும்.

நான் வெள்ளைச் சட்டை போட்டு, பையில் ஒரு பேனா செருகியிருந்தேன். பேனா வைத்திருந்தால் படித்தவன் போல இருக்கும் என்பது அம்மாவின் யோசனை. அது உரக்கடையில் அப்பாவுக்கு இலவசமாகக் கொடுத்த பேனா. கேசரி வந்தது. காபி வந்தது. பவானி வந்தாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்போது பெரியப்பா தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு சொன்னார்:

“தம்பி, சட்டைய பாருங்க.”

பார்த்தேன். பையிலிருந்து வயிறு வரைக்கும் நீல மை இறங்கியிருந்தது.

“முப்பது வருஷமா பேனாவ வச்சி பொழைக்கறவன் நான். ஒருத்தன் வச்சிருக்கற பேனாவ பாத்தாலே ஆளு எப்படின்னு சொல்லிடுவேன்” என்றார் பெரியப்பா.

என்னைப் பற்றி என்ன தெரிந்துகொண்டார் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பவானி உள்ளே போய்ச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. பெரியப்பாவின் மௌனம் பிடிக்கவில்லை. எப்படியோ ஜாதகம் பொருந்தி, நிச்சயதார்த்தம் வைகாசியில் என்று முடிவானது. நானும் ஒரு முடிவு செய்தேன். நிச்சயத்தன்று என் கையில் அந்த மனிதர் வாயை மூடுகிற மாதிரி ஒரு பேனா இருக்க வேண்டும். என் லக்னப் பத்திரிகையை அந்தப் பேனாவால்தான் எழுத வேண்டும். (மாப்பிள்ளைக்கு மோதிரம், செயின் என்று எத்தனையோ ஆசை வரும். எனக்கு இப்படி.)

போனில் தேட ஆரம்பித்தேன். உலகத்தில் முழு உலோகக் கம்பியை லேத்தில் கொடுத்துக் கடைந்து பேனா செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று அன்றுதான் தெரியும். பிளாஸ்டிக் துளிகூடக் கிடையாது. அலுமினியம், பித்தளை, செம்பு, ஸ்டீல், டைட்டானியம். தூக்கம் போய்விட்டது. அலுமினியம் லேசு, மரியாதை இருக்காது. செம்பு அழகு, ஆனால் கையெல்லாம் வாசனை வருமாம். டைட்டானியத்தில் விமானம் செய்கிறார்களாம். நான் வெந்நீருக்கு வருத்தம் தெரிவிக்கிறவன், எனக்கு எதற்கு விமானம்? அதைத் தாண்டினால், மூடி போட்டதா, திருகுகிறதா, துப்பாக்கியில் தாழ்ப்பாளை இழுப்பது போல இழுக்கிறதா என்று அடுத்த சந்தேகம். செம்பில் ஆர்டர் கொடுத்தேன். காலையில் ரத்து செய்துவிட்டு ஸ்டீலில் கொடுத்தேன். சாயங்காலம் அதையும் ரத்து செய்தேன். மூன்றாம் நாள் பேனா செய்கிறவரே போன் செய்துவிட்டார்.

“சார், நான் தனி ஆளு சார். உங்க ஆர்டர பாத்து ரெண்டு தடவ மெஷின்ல கம்பிய மாத்திட்டேன். நல்லா யோசிச்சி ஒண்ணு சொல்லுங்க.”

வெட்கமாகிவிட்டது. பித்தளை என்றேன். போனை வைத்த அடுத்த நொடி செம்பாகவே இருந்திருக்கலாமோ என்று தோன்றியது.

பவானியும் நானும் அப்போது தினமும் போனில் பேசத் தொடங்கியிருந்தோம். ஒருநாள் அவள் கேட்டாள்:

“மூணு வாரமா பேசறோம். நீங்க இன்னும் பேனாவ தாண்டி வரல. எனக்கு இன்னா பிடிக்கும்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?”

“இன்னா பிடிக்கும்?”

“பேனா பத்தி பேசாத ஆளு.”

பேனா வந்து சேர்ந்தது. அதற்கென்று ஒரு மரப்பெட்டி. கையில் எடுத்ததும் உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம். பையில் செருகினால் சட்டை ஒரு பக்கமாக இறங்கியது. அம்மா வாங்கிப் பார்த்து, “இன்னாடா, பூட்டு கனம் கனக்குது” என்றாள். அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நம்ம போர் மோட்டார்ல இது மாதிரி ஒரு பின்னு தேஞ்சி போயிருக்குது, இது பொருந்தும்” என்றார். நான் பிடுங்கிப் பெட்டிக்குள் வைத்தேன்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். பேனா என்பது வெறும் வீடு, குடியிருப்பது ரீஃபில்தான் என்பது அப்புறம்தான் தெரிந்தது. உள்ளே வந்த ரீஃபில் திக்கித் திக்கி எழுதியது. வேறு போட்டால் ஒன்று நீளம், ஒன்று குட்டை. நீளம் சரியாக இருந்தால் முனை ஆடும். எழுதும்போது உள்ளே டக்டக்கென்று ஒரு சத்தம், எனக்கு மட்டும் கேட்கிற சத்தம். பேப்பரைச் சுருட்டி உள்ளே திணித்தேன். சைக்கிள் டியூபில் வெட்டிய வளையம் போட்டேன். தேரடி வீதி ஸ்டேஷனரிக் கடைகள் அத்தனையிலும் ஸ்கேலோடு போய் ரீஃபிலை அளந்தேன். ஒரு கடைக்காரம்மா நான்காவது டப்பாவைக் கொட்டியபோது பொறுமை இழந்துவிட்டார்.

“தம்பி, நீ ரீஃபிலு வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா? பல்லு மொதக்கொண்டு எண்ணி பாக்கற!”

நிச்சயத்துக்கு ஐந்து நாள் இருந்தது. மண்டபம் பிடித்தாயிற்றா, வண்டி சொல்லியாயிற்றா என்று அம்மா கேட்பாள். நான் பேனாவைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்போதுதான் ஆறாம் நம்பர் ரூமிலிருந்த ஜப்பான் அம்மா ஊருக்குக் கிளம்பினார். ஒரு மாதம் தங்கியிருந்தவர். தினமும் காலையில் தாழ்வாரத்தில் உட்கார்ந்து நோட்டில் மணி மணியாக எழுதுவார். என் பேனாப் பைத்தியத்தை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். சாவியைக் கொடுக்கும்போது, ஒரு சின்ன பாக்கெட்டையும் இரண்டு கையாலும் நீட்டினார். உள்ளே மூன்று கறுப்பு ரீஃபில். பாக்கெட்டைத் தொட்டுக் காட்டினார். வெளியே வெயிலைக் காட்டினார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ‘உங்கள் ஊர் வெயில் தாங்க முடியவில்லை, நான் போகிறேன்’ என்கிறார் என்று நினைத்து, “எஸ் மேடம், வெரி ஹாட்” என்று நானும் பலமாகத் தலையாட்டினேன். அவர் நிம்மதியாகப் போய்விட்டார்.

அந்த ரீஃபில் என் பேனாவுக்கென்றே செய்தது போல உட்கார்ந்தது. ஆடவில்லை, சத்தமில்லை. எழுதினால் பட்டு மாதிரி போனது. வந்தவர் போனவர் பதிவேட்டில் தேவையில்லாமல் இரண்டு பக்கம் என் பெயரையே எழுதினேன். அன்றிரவு பவானியிடம், “கெடச்சிடுச்சி” என்றேன். எது என்று அவள் கேட்கவில்லை. “சந்தோசம், தூங்குங்க” என்றாள்.

நிச்சயதார்த்தம் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. பன்னிரண்டு மணி வரை நல்ல நேரம். இரண்டு பக்கமும் தட்டு மாற்றுவதற்கு முன்னால் ஐயர் லக்னப் பத்திரிகை எழுத வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும், இன்ன தேதி, இன்ன முகூர்த்தம் என்று எழுதி, சபையில் படித்து, பெரியவர்கள் கையெழுத்துப் போட்டு, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, ஆளுக்கு ஒரு பிரதி. ஐயர் தன் பையில் பேனா தேடுவதற்குள் நான் பாய்ந்து நீட்டினேன். மாப்பிள்ளை அப்படியெல்லாம் பாயக் கூடாது என்று அம்மா பின்னாலிருந்து வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

“பேஷ், நன்னா வழுக்கிண்டு போறதே” என்றார் ஐயர். இரண்டு பிரதியும் எழுதினார். அப்பா அதே பேனாவால் கையெழுத்துப் போட்டார். அடுத்தது பெரியப்பா. பேனாவை வாங்கி உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தார். மூடியைத் திருகிப் பார்த்தார்.

“கைக்கு அடக்கமாதான் இருக்குது” என்றார்.

எனக்கு எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது. ஆனால் பேனாவை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“தப்பா நெனைக்காதீங்க தம்பி. அடுத்தவங்க பேனால நான் கையெழுத்து போடறதில்ல. தொழில் பழக்கம்.” சட்டைப் பையிலிருந்து ஒரு சாதாரண பால்பாயிண்ட்டை எடுத்து இரண்டிலும் போட்டார். எனக்கு முகம் வாடிவிட்டது.

ஐயர் படித்தார். மூலைகளில் மஞ்சள் தடவினார்கள். தட்டு மாற்றினார்கள். எங்கள் பிரதியை என் தாய்மாமா வாங்கி, கசங்காமல் இருக்கட்டும் என்று காருக்குள் கண்ணாடியோரம் வைத்துவிட்டு வந்தார். அவர்கள் பிரதி பவானியின் அத்தை கைக்குப் போனது. அத்தை சுத்தம் பார்க்கிறவர். மஞ்சள் ஈரமாக இருந்தது. மடித்தால் எழுத்தில் ஒட்டிவிடுமே என்று நினைத்து, ஆரத்தித் தட்டில் எரிந்துகொண்டிருந்த கற்பூரத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பத்திரிகையைப் பிடித்துக் காட்டினார். அப்பளம் காட்டுகிற பக்குவம் அவருக்கு.

நடுவிலிருந்து எழுத்து மறைய ஆரம்பித்தது. முதலில் முகூர்த்தம் போனது. பிறகு தேதி. பிறகு நான். என் அப்பா பெயர், தாத்தா பெயர், ஊர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விலகிப் போவதைக் கண்ணால் பார்த்தேன். அத்தை, “ஐயோ, எழுத்து போவுதுடி” என்று கத்தினார். கத்தினாரே தவிர, கையை எடுக்கவில்லை. கடைசியில் பவானியும் போய்விட்டாள்.

மண்டபத்தில் மேளக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார். அம்மாதான் முதலில் சுதாரித்தாள். “நம்ம காப்பி இருக்குது, அத கொண்டாங்க” என்றாள். மாமா காருக்கு ஓடினார். வைகாசி வெயிலில் ஒரு மணி நேரமாகக் காய்ந்துகொண்டிருந்த கார் அது. மாமா போன வேகத்தில் திரும்பி வரவில்லை. ஒவ்வொரு அடியாக நடந்து வந்தார். அவர் கையிலிருந்த தாளும் வெள்ளையாக இருந்தது.

முழு வெள்ளை என்று சொல்ல முடியாது. நான்கு மூலையில் மஞ்சள் இருந்தது. அடியில், வலது ஓரத்தில், நீல பால்பாயிண்ட்டில், ஒரு கையெழுத்து மட்டும் தெளிவாக இருந்தது. ப. கன்னியப்பன்.

பெரியப்பா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

“வெத்துத்தாள்ல என் கையெழுத்து” என்றார். குரலே வரவில்லை. “எத்தன பேருக்கு சொல்லியிருப்பேன். வெத்துத்தாள்ல கையெழுத்து போடாதீங்க, போடாதீங்கன்னு. ஒண்ணில்ல, ரெண்டு.”

பிறகு எழுந்தார். அப்போது குரல் வந்தது.

“மை காயறத பாத்திருக்கேன். ஊறறத பாத்திருக்கேன். ஓடிப்போற மைய இன்னிக்குதான் பாக்கறேன். யார் கொண்டாந்த பேனா இது? எதுக்கு அவ்ளோ அவசரமா நீட்டினீங்க?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “நாங்க மல்லாட்டை போடறவங்க சம்பந்தி. எங்களுக்கு சூது தெரியாது” என்றார். என்னால் அப்பா அப்படி நிற்க வேண்டி வந்ததை இன்றைக்கும் நான் மறக்கவில்லை.

ஐயர், “இதுக்கு ஏன் இவ்வளவு? இன்னொண்ணு எழுதிட்டாப் போச்சு” என்றார்.

“எழுதலாம் சாமி. என் கையெழுத்தோட ரெண்டு வெத்துத்தாள் ஊர்ல சுத்துமே, அதுக்கு யார் பொறுப்பு? மொதல்ல இத கிழிங்க, அப்புறம் எழுதலாம்.”

“கிழிக்கறதா?” அம்மா தட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். “மஞ்சா வெச்சி சபையில படிச்ச பத்திரிகைய கிழிப்பாங்களா? அதுக்கு கல்யாணமே வாணாம்னு சொல்லிடலாமே!”

“அப்ப வாணாம்தான்” என்றார் பெரியப்பா.

இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். அதுதான் கஷ்டம். தாளைக் கிழித்தால் அபசகுனம், கிழிக்காவிட்டால் கையெழுத்துக்கு ஆபத்து. நான் ஓரமாகப் போய்ப் பேனாவைக் கழற்றி, ரீஃபிலை எடுத்து, ஊதி, மறுபடி போட்டேன். மறுபடி கழற்றினேன். ஊதினால் ஓடிப்போன எழுத்து வந்துவிடுமா என்று கேட்காதீர்கள். கைக்கு வேறு வேலை தெரியவில்லை. மணி பதினொன்றே கால்.

“அந்த ரீஃபிலு கவர் வச்சிருக்கீங்களா?”

நிமிர்ந்தேன். பவானி. நிச்சயப் புடவையோடு, தலை நிறைய பூவோடு, எல்லோரும் பார்க்க என் எதிரில் நின்றாள். வேட்டி மடிப்பிலிருந்து பாக்கெட்டை எடுத்தேன். (சொந்த நிச்சயத்துக்கு ஸ்பேர் ரீஃபிலோடு வந்த ஒரே மாப்பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.)

“இதுல இன்னா எழுதியிருக்குதுன்னு படிச்சீங்களா?”

“ஜப்பான் எழுத்து.”

“நான் மருந்துக் கடையில கவர படிக்காம ஒரு மாத்திரகூட குடுக்க மாட்டேன். நீங்க நம்ம கல்யாணத்தையே எழுத குடுத்திருக்கீங்க.”

போன் கேமராவைப் பாக்கெட் மேல் பிடித்தாள். ஜப்பான் எழுத்துகள் நெளிந்து நெளிந்து தமிழாக மாறின. மொழிபெயர்ப்பு ஒரு தினுசாக இருந்தது. ‘வெப்பம் அறுபதில் மை விடைபெறும்.’ அதன் கீழே, ‘சான்றிதழ், முகவரி, மரியாதை ஆவணத்துக்கு எழுதுதல் கூடாது.’ அதற்கும் கீழே பொடி எழுத்தில், ‘மைனஸ் பத்துக்குக் கீழ் குளிரில் மை திரும்பி வருகை தரலாம்.’

தேய்த்து, சூடாக்கி அழிக்கிற மை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தப்பாக எழுதினால் அழிப்பதற்காகச் செய்தது. அதை நான் அக்னி ஸ்தலத்தில், வைகாசி மாதத்தில், கற்பூரத்துக்குப் பக்கத்தில் வைத்து எழுத வைத்திருக்கிறேன். ஜப்பான் அம்மா எதற்கு வெயிலைக் காட்டினார் என்று அப்போதுதான் உறைத்தது.

பவானி பெரியப்பாவிடம் போனைக் காட்டினாள். “வருகை தரலாம்னுதானே போட்டிருக்குது, தரும்னு போடலியே” என்றார் அவர். பத்திர எழுத்தருக்கு அந்த வித்தியாசம் முக்கியம்.

“வச்சி பாக்கலாம் பெரிப்பா. வரலன்னா நீங்க சொல்றதுதான்.”

இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் அவளைப் பார்த்தேன். எழுத்து வராவிட்டால் இந்தப் பெண் எனக்கு இல்லை. பித்தளையா செம்பா என்று இரண்டு மாதம் புரண்டவனுக்கு, அந்த நேரத்தில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது.

மண்டபத்துக்கு எதிரில் ஓர் ஐஸ்கிரீம் கடை. கிரிவலம் வருகிறவர்களை நம்பி நடக்கிற கடை. வாசலில் கண்ணாடி மூடி போட்ட பெரிய ஃப்ரீசர். கடைக்கார அக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது, “பத்திரிகைய சாமி கால்ல வப்பாங்க, குல்ஃபி மேல எதுக்குங்க?” என்று கேட்டார். இருந்தாலும் இடம் ஒதுக்கினார். இரண்டு தாளையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, வெற்றிலை பாக்குத் தட்டை விடாமல் பிடித்திருந்த அம்மாவின் ஆசீர்வாதத்தோடு உள்ளே வைத்தோம்.

பெரியப்பா ஒரு ஸ்டூல் வாங்கி ஃப்ரீசர் பக்கத்தில் போட்டு, மூடி மேல் கையை வைத்து உட்கார்ந்துகொண்டார். வெற்றுத்தாளில் யாராவது ஏதாவது எழுதிவிடுவார்களோ என்ற பயம். எங்கள் மாமா எதிர்ப்பக்கம் நின்றார். பெரியப்பா கிழித்துவிடுவாரோ என்ற பயம். சுற்றிலும் பட்டுப்புடவையும் வேட்டியுமாக நாற்பது பேர். ஐஸ் கேட்டு வந்தவர்களை, “இப்ப தொறக்க மாட்டோம், குளுரு போயிடும்” என்று அத்தை விரட்டினார்.

நான் கடைக்கும் மண்டபத்துக்கும் நடந்தேன். மண்டபத்துக்கும் கடைக்கும் நடந்தேன். கிரிவலம் போகிற ஒருவர், தட்டும் மஞ்சளும் ஐயரும் கூட்டமுமாக இருந்ததைப் பார்த்துவிட்டு நின்றார். செருப்பைக் கழற்றினார். ஃப்ரீசரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவரைப் பார்த்து இன்னும் நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். ஒரு அம்மா, “இங்க இன்னா சாமி விசேஷம்?” என்று என்னிடம் கேட்டார். “வேண்டிக்கங்கம்மா” என்றேன். எனக்கு அப்போது யார் வேண்டிக்கொண்டாலும் சரி.

மணி பதினொன்று நாற்பத்தைந்து. பெரியப்பா மூடியைத் திறந்தார். கவரில் பனி பூத்திருந்தது. விரலால் துடைத்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார்.

“திருவண்ணாமலை மாவட்டம்...” என்று படித்தார். நிறுத்தினார். இன்னொரு முறை துடைத்தார். “கீழ்பென்னாத்தூர் வட்டம்...”

எழுத்து வெளிறித்தான் இருந்தது. ஆனால் இருந்தது. அப்பா வந்தார், தாத்தா வந்தார், நான் வந்தேன். “சௌபாக்யவதி பவானி” என்று படித்தபோது பெரியப்பாவுக்கே குரல் கொஞ்சம் தழுதழுத்தது. அத்தை குலவை போட்டார். வரிசையில் நின்ற பக்தர்கள் “அரோகரா” என்றார்கள். மேளக்காரர் ஓடிவந்து கெட்டிமேளம் வாசித்தார். நான் அழுதேன். வெயிலில் வியர்வை என்று பிறகு சொல்லிப் பார்த்தேன், யாரும் நம்பவில்லை.

பெரியப்பா அதோடு விடவில்லை. ஃப்ரீசர் மூடி மேலேயே தாளை வைத்து, தன் பால்பாயிண்ட்டால், இரண்டு பிரதியின் அடியிலும் எழுதினார்: ‘மேற்படி பத்திரிகையின் வாசகங்கள் வெப்பத்தால் மறைந்து குளிரால் மீண்டன என்பதையும், மீண்ட வாசகங்கள் முன்பு சபையில் வாசிக்கப்பட்டவையே என்பதையும் இரு தரப்பாரும் நேரில் கண்டு மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறோம்.’ எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். சாட்சிக்கு ஐஸ்கிரீம் கடை அக்காவும் போட்டார். என் முறை வந்ததும், பழக்க தோஷத்தில் கை பித்தளைப் பேனாவுக்குப் போனது. நாற்பது பேரும் ஒரே குரலில் “வாணாம்!” என்றார்கள். பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

கல்யாணம் முடிந்து ஆறு வருஷமாகிறது. பித்தளைப் பேனா எங்கள் சமையலறையில் ஏலக்காய் தட்டுகிறது, நன்றாகவே தட்டுகிறது. இரண்டு லக்னப் பத்திரிகையும் எங்கள் ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில், பச்சைப் பட்டாணிக்கு மேலே இருக்கின்றன. சூடு படாமல் பீரோவில் வைத்தாலே போதும், எழுத்து எங்கும் போகாது என்று நான் எத்தனையோ முறை விளக்கியாயிற்று. என் விளக்கத்தை எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாரும் காதில் வாங்குவதில்லை. உறவுக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் ஃப்ரீசரைத் திறந்து, “இருக்குது” என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்கள். பவானிக்குக் கோபம் வந்தால் சண்டை போடுவதில்லை. கவரை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் நான்கு அடி நடப்பாள். நான் வாயை மூடிக்கொள்வேன்.

போன வருஷம் புயல் மழையில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. இரண்டாம் நாள் காலை வாசலில் ஒரு டிவிஎஸ் வண்டி வந்து நின்றது. தொப்பலாக நனைந்து, கண்ணாடியெல்லாம் தண்ணீரோடு பெரியப்பா. எழுபது வயதுக்கு மேல். பின்னால் கட்டியிருந்த கோணிப் பையில் உமி போட்ட ஐஸ் கட்டி. மழையில் அடி அண்ணாமலையிலிருந்து அதை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. “எதுக்கு மாமா இந்த மழையில? இதெல்லாம் வேணவே வேணாம். சாதாரண சூட்டுல எழுத்து அப்படியே நல்லா இருக்கும்” என்றேன்.

அவர் கோணியை இறக்கி வைத்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார்.

“அன்னிக்கும் நல்ல பேனான்னுதானே மாப்ள நீட்டினீங்க?”

நான் வழிவிட்டேன். அவர் உள்ளே போய் ஃப்ரீசரைத் திறந்தார்.